கிழமை நாளில் பட்டினம், ஞாயிறில் மணற்காடு: ஒரு சைக்கிள் போதுமா?

கேள்வி: ஐயா, நான் கோப்பாயில் இருக்கிறேன். வயது 27. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு வங்கியில் வேலை. வீட்டிலிருந்து அங்கே ஏறக்குறைய 7 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுத் தினமும் சைக்கிளில் போய்வர நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வடமராட்சிக் கரையோர மணற்காடு, தென்மராட்சி ஒழுங்கைகள், தீவகத்துத் தரவைகள் (வெட்டவெளிப் புல்நிலங்கள்) என்று சுற்றவும் ஆசை. இரண்டு சைக்கிள் வாங்க வசதி இல்லை. கையில் 120,000 ரூபா இருக்கிறது. முன்னும் பின்னும் ஷொக் வைத்த 21 கியர் சைக்கிள் ஒன்றைக் காட்டி, எல்லா வேலைக்கும் இதுதான் தோது என்று ஒரு கடையில் சொன்னார்கள். நண்பர் ஒருவர் மெல்லிய ரயர் போட்ட ரேசிங் சைக்கிளைத்தான் எடுக்கச் சொல்கிறார். அப்பாவின் பழைய றலி சைக்கிளும் வீட்டில் நிற்கிறது. என் உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 72 கிலோ. எதை எடுப்பது?

பதில்: தம்பி, ஒரு சைக்கிள் போதும். ஆனால் கடையில் காட்டியதும் வேண்டாம், நண்பர் சொன்னதும் வேண்டாம். ஷொக் எதுவும் இல்லாத, அகலமான ரயர் ஏற இடமுள்ள, மட்காட்டும் கரியரும் பூட்டத் துளையுள்ள சாதாரண மவுண்டன் சைக்கிள் ஒன்றைத் தேடுங்கள். மிச்சப்படுகிற காசை ரயரில் போடுங்கள். முப்பது வருடமாகச் சைக்கிள் திருத்துகிறவன் என்ற வகையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போக 7, வர 7, ஐந்து நாளைக்கு 70 கிலோமீற்றர். அது முழுக்க இருபாலை, கல்வியங்காடு, நல்லூர் என்று தார் வீதி. ஞாயிற்றுக்கிழமை மணற்காட்டுக்குப் போய்வந்தால் 50 கிலோமீற்றர் அளவில் வரும். அதிலும் நெல்லியடி தாண்டும்வரை தார்தான். உண்மையான மண்ணும் மணலும் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் வராது. ஆக, நீங்கள் ஓடப்போவதில் பெரும்பங்கு நல்ல வீதியில். அந்தப் பெரும்பங்கில் உங்களைக் களைக்க வைக்காத சைக்கிள்தான் அடுத்த வருடமும் உங்களோடு இருக்கும். திங்கட்கிழமை காலையில் பாரமாக இருக்கிற சைக்கிள் மூன்றாம் மாதம் கொட்டிலில் தூசி பிடிக்கும். அப்படித் தூசி பிடித்தவை வருடம் நாலைந்தாவது என்னிடம் விலைக்கு வருகின்றன.

ஷொக் கெட்ட சாமான் இல்லை. மலைச்சரிவில் கல்லுக்கு மேலால் வேகமாக இறங்குபவருக்கு அது இல்லாமல் முடியாது. அப்படிப்பட்ட ஷொக்குக்குள் எண்ணெய் இருக்கும். அமுங்கினால் துள்ளாமல் மெல்லத் திரும்பும். அதற்கு மட்டுமே உங்கள் கையில் உள்ள காசு முடிந்துவிடும். உங்கள் விலைக்குள் கிடைக்கும் இரட்டை ஷொக் சைக்கிளில் இருப்பது வெறும் சுருள் வில். நீங்கள் பெடலை மிதிக்கும்போது அந்த வில்லும் சேர்ந்து அமுங்கும். காலின் பலத்தில் ஒரு பங்கு சில்லுக்குப் போகாமல் வில்லுக்குள்ளேயே முடியும். சைக்கிளின் எடையும் 17, 18 கிலோவுக்குப் போய்விடும். மேடு பள்ளமே இல்லாத குடாநாட்டில் அந்த எடையை எதற்குச் சுமக்க வேண்டும்?

என் மூத்த மகன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்று அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பண்ணைப் பாலத்தால் வேலணைக்குத் தினமும் அதில் போய்வந்தான். ஒரு வருடம் முடிவதற்குள் முன்சில்லைப் பிடிக்கும் கவட்டையான போர்க்கின் குழாய்கள் உப்புப் பிடித்து இறுகிவிட்டன. ஷொக் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. பின் ஷொக் பொருந்துகிற இடத்தில் வளையம் தேய்ந்து பின்சில்லு பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கியது. அந்த அளவு வளையம் தேடி அலைந்தேன். எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் லேத்தில் கொடுத்துக் கடைந்து போட்டேன். அதுவும் ஆறு மாதம்தான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்கிறேன்: நடுவீதியில் உடைந்தால் பக்கத்துக் கடையில் திருத்த முடியாத உறுப்பு உங்கள் சைக்கிளில் இருக்கக் கூடாது. முன் ஷொக் மட்டும் வைத்த சைக்கிள் மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். வேறு வழியே இல்லாவிட்டால் எடுங்கள். ஆனால் அந்த முன் போர்க் 2 கிலோவுக்கு மேல் வரும், ஷொக் இல்லாத இரும்புக் கவட்டை ஒரு கிலோ அளவில்தான்.

ரேசிங் சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 25 மில்லிமீற்றர் ரயர். உங்கள் எடைக்கு 90 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) பக்கம் காற்று வேண்டும். வீதியோரச் சல்லிக் கல்லும் உலுக்கும். மணலில் கத்தி மாதிரி இறங்கும். அகல ரயர் மாற்றலாம் என்றால் கவட்டைக்குள் இடம் இருக்காது.

இனி ரயர். இதை ஆறுதலாக வாசியுங்கள், ஏனென்றால் நீங்கள் தேடுகிற இரட்டை வேலையைச் செய்வது சைக்கிள் அல்ல, ரயரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். 1.9 இலிருந்து 2.1 அங்குலம் வரை அகலமுள்ள ரயரை எடுங்கள். ரயரின் மேல் வெட்டியிருக்கும் பூ நடுவில் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாகவும், இரு பக்கமும் கட்டை கட்டையாகவும் இருக்க வேண்டும். தார் வீதியில் நடுப்பகுதி மட்டும் உருளும், இரைச்சல் இருக்காது. மண்ணில் சில்லு கொஞ்சம் புதையும்போது பக்கக் கட்டைகள் பிடிக்கும். முழுக்கக் கட்டைப் பூ உள்ள ரயர் பார்க்க நல்லாய் இருக்கும். வேலைக்குப் போகிற வழி முழுக்க இரைந்துகொண்டு உங்கள் பலத்தைத் தின்னும்.

காற்று விடயத்தில், வேலை நாட்களில் உங்கள் எடைக்கு முன்சில்லுக்கு 45, பின்சில்லுக்கு 50 பி.எஸ்.ஐ. வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கைக்கும் செம்மண் தோட்டப் பாதைக்கும் 35 போதும். மணலில் இறங்கும்போது 20 ஆகக் குறைத்துவிடுங்கள். ரயர் தட்டையாகிப் பரந்து நிற்கும், புதையாது. மணலுக்குள் சின்னக் கியரில் ஒரே சீராக மிதியுங்கள். உடம்பைப் பின்னுக்குச் சாயுங்கள். ஹாண்டிலைத் திருப்பித் திருப்பிச் சண்டை பிடிக்காதீர்கள். திரும்பித் தாருக்கு ஏறியதும் காற்றடிக்க மறக்கக் கூடாது. குறைந்த காற்றோடு பாறைக் கல்லில் ஏறினால் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசிந்து, பாம்பு கொத்தின மாதிரி இரண்டு ஓட்டை விழும். அதனால் ஒரு சின்னக் கைப்பம்மும் காற்று அளக்கும் மானியும் பையில் கட்டாயம் இருக்கட்டும்.

ஆனால் மணற்காட்டின் மணற்குன்றுகளை இந்த ரயரால் ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த மணலில் மிதக்க 4 அங்குல ரயர் வேண்டும், அதைக் கட்டிக்கொண்டு தினமும் பட்டினத்துக்கு ஓட முடியாது. குன்றில் இறங்கித் தள்ளுங்கள், அதில் வெட்கம் இல்லை. சவுக்கங்காட்டுக்குள் போகிற தடங்களில் விழுந்த சருகு மணலைக் கட்டி வைத்திருக்கும். அங்கே அழகாக ஓடலாம். மாரி முடிந்த தை, மாசியில் ஈரம் இறங்கிய மணல் இன்னும் நன்றாகத் தாங்கும். முதல் பயணத்தை அந்தக் காலத்தில் வைத்தால் ஆசை கெடாது.

ரயர் வாங்கும்போது "26 ரயர் தாங்கோ" என்று கேட்டு வாங்கிப் போய், ஏறவில்லை என்று திரும்பி வருகிறவர்களை மாதா மாதம் பார்க்கிறேன். ரயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல இரண்டு எண் சேர்ந்து இருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது எண் ரயர் றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். மவுண்டன் சைக்கிளின் 26 என்பது 559. பழைய லேடீஸ் சைக்கிளுக்கு வருகிற 26 x 1 3/8 என்பது 590. பெயர் ஒன்று, ஒன்றுக்கு மற்றது ஏறவே ஏறாது. 27.5 என்றால் 584. 29 என்பதும் 700 சி என்பதும் ஒரே 622தான். உங்கள் அப்பாவின் றலி 28 x 1 1/2 ஆக இருந்தால் அது 635. உங்கள் உயரத்துக்கு 26உம் சரி, 27.5உம் சரி. நான் என்றால் 559 உள்ள 26ஐ எடுப்பேன். ரயரும் ரியூப்பும் சின்னக் கடைகளிலும் கிடைக்கும்.

21 கியரைக் கண்டு மயங்க வேண்டாம். நமக்கு மலை இல்லை. நமக்கு இருப்பது காற்று. சோளகம் வீசுகிற மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று, கோப்பாயிலிருந்து பட்டினத்துக்குப் போகிற உங்கள் முகத்தில்தான் அடிக்கும். பின்னேரம் முதுகில் தள்ளிக்கொண்டு வீட்டில் விடும். வாடைக்காற்றுக் காலத்தில் அப்படியே மாறும், வேலை முடிந்து களைத்து வரும்போது எதிர்காற்று. வல்லை வெளியில் ஒரு மரம்கூட மறைவுக்கு இல்லாமல் மிதித்துப் பாருங்கள், கியர் எதற்கென்று அப்போது விளங்கும். முன்னுக்கு 36 அல்லது 38 பல்லுள்ள ஒரே சில்லு, பின்னுக்கு 7 அல்லது 8 கியர், அதில் பெரியது 32 பல் இருந்தால் மணலுக்கும் காணும், காற்றுக்கும் காணும். முன்னுக்கு மூன்று பல்லுச் சில்லு உள்ள சைக்கிள்தான் கிடைத்தாலும் பரவாயில்லை, நடுச் சில்லிலேயே ஓடுங்கள். கியர் எண்ணிக்கைக்காக ஒரு ரூபாவும் கூடக் கொடுக்காதீர்கள்.

பிறேக்குக்கு, றிம்மை இரு பக்கமும் கட்டையால் பிடிக்கும் சாதாரண வி பிறேக் போதும். மாரியில் கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் றிம்மில் அப்பி பிறேக் கட்டையைத் தேய்க்கும் என்பது உண்மை. அதற்குக் கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிறேக் நல்லது. ஆனால் எண்ணெயில் வேலை செய்யும் டிஸ்க் வேண்டாம். எண்ணெய் ஒழுகினால் ஞாயிற்றுக்கிழமை நெடுந்தீவில் அதைப் பார்க்க ஆள் இல்லை.

அளவு எல்லாவற்றிலும் முக்கியம். பிரேமின் மேல்குழாய்க்கு இரு பக்கமும் காலை ஊன்றி நின்று பாருங்கள், குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும். சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் சீற்றைத் தாழ்த்தி வைத்து ஓடி, முழங்கால் நோகிறது என்று சைக்கிளைக் குறை சொல்கிறார்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் கொஞ்ச தூரம் ஓடிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

புதிதுதான் வேண்டும் என்றில்லை. லுமாலா போன்ற உள்ளூர் சைக்கிளில் ஷொக் இல்லாத மொடல் கிடைத்தால் உறுப்புகளுக்கு அலைய வேண்டியிருக்காது. என் மனதுக்குப் பிடித்தது என்னவென்றால், ஜப்பானில் பாவித்துக் கப்பலில் வருகிற பழைய மவுண்டன் சைக்கிள்கள். 1990களில் செய்த, ஷொக் இல்லாத குரோமொலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த) இரும்புப் பிரேம் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். நல்ல இரும்பு வீதியின் அதிர்வைத் தானே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், வெடித்தால் ஒட்டவும் முடியும். வாங்கும் முன் இரண்டு இடம் பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடல் அச்சு போகிற குழாயின் அடிப்பக்கத்தில் கறள் கொப்பளித்திருக்கிறதா? சீற் கம்பு மேலும் கீழும் அசைகிறதா? இரும்புக்குள் அலுமினியக் கம்பு இறுகிப் போயிருந்தால், அதை எடுக்கிற பாடு எனக்குத்தான் தெரியும். அந்தச் சைக்கிளை விட்டு நகருங்கள்.

நம்முடைய ஊரில் சைக்கிளைக் கொல்வது முள்ளும் உப்பும். கோடையில் தரவை எங்கும் நெருஞ்சி. ஒரு பழைய மெல்லிய ரயரின் இரு ஓரக் கம்பியையும் வெட்டி எறிந்து, மிச்சப் பட்டையை உங்கள் ரயருக்கும் ரியூப்புக்கும் நடுவில் வையுங்கள். அந்த நாளில் எல்லாரும் செய்த வேலைதான், இன்றைக்கும் இதற்கு நிகர் இல்லை. வெட்டின ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுப்பாவிட்டால் அதுவே ரியூப்பைக் கடிக்கும், கவனம். ஒட்டுச் சாமான்களோடு ஒரு ரியூப்பும் கூடக் கொண்டுபோங்கள்.

உப்புக்கு, தீவகம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், நாளைக்கு என்று விடக் கூடாது. புங்குடுதீவுத் தாம்போதியால் ஒருமுறை போய்வந்தாலே செயினில் வெள்ளைப் பூ பூத்திருக்கும். அச்சுகளின் மேல் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சாமல் வாளியால் ஊற்றித் துணியால் துடையுங்கள். செயின் காய்ந்த பிறகு மூட்டுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, வெளியில் இருப்பதைத் துடைத்துவிடுங்கள். கறுப்பாய் ஊறின எண்ணெய் மணலைப் பிடித்து அரமாய் அராவும். மாதத்துக்கு ஒருமுறை அடிமட்டம் வைத்துச் செயினை அளந்து பாருங்கள். ஒரு ஆணியின் நடுவிலிருந்து 24 ஆணி தள்ளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடும்வரை விட்டால் பல்லுச் சில்லுகளையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும், அது பல மடங்கு செலவு.

பாதை தெரிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். தென்மராட்சிக்குக் கிழக்கே கிளாலி, முகமாலை, அப்படியே வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில், இவையெல்லாம் வருடக்கணக்காகப் போர் முன்னரங்கு நின்ற இடங்கள். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையைக் கண்டால் அங்கிருந்தே வந்த தடத்தால் திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும், அந்தப் பக்கங்களில் உழவு இயந்திரமும் ஆட்களும் தினமும் போய்வருகிற பாதையை விட்டு ஓர் அடி விலகாதீர்கள். பற்றைக்குள் குறுக்குத் தடம் கண்டுபிடிக்கிற இடம் அதுவல்ல. தெரியாத இரும்பைத் தொட வேண்டாம், பொலிஸுக்குச் சொல்லுங்கள். சுண்டிக்குளம் தேசிய பூங்கா என்பதால் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யோசனையில்லாமல் ஓட ஆசையென்றால் குறிகட்டுவானில் படகில் சைக்கிளை ஏற்றி நெடுந்தீவுக்குப் போங்கள். பவளக்கல் வேலிகளுக்கு நடுவே அந்த வெள்ளைப் பாதைகளில் ஒருநாள் முழுக்க ஓடலாம். 2 அங்குல ரயருக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

காசை இப்படிப் பிரிக்கலாம். சைக்கிளுக்கு 85,000 அல்லது 90,000 ரூபாவோடு நிறுத்துங்கள். மிச்சம் நல்ல இரண்டு ரயர், நீளமான மட்காட், கரியர், முன் பின் விளக்கு, பூட்டு, பம். வங்கிக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுப் போகிற உங்களுக்கு மாரியில் மட்காட் இல்லாவிட்டால் முதுகெல்லாம் செம்மண் கோடு விழும். ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் களி அடைத்துச் சில்லே சுற்றாது.

கடைசியாக அப்பாவின் றலி. அதைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். 90களில் இங்கே பெற்றோல் இல்லாத காலத்தில் விறகு, மீன், வாழைக்குலை, நோயாளி எல்லாம் அந்தச் சைக்கிள்களில்தான் போனது. டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரே இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, எங்கள் அப்பாவின் றலியில் இரண்டு அரிசி மூட்டையும், கரியரில் அம்மம்மாவும். ஓட இடமில்லை, தள்ளிக்கொண்டே போனோம். விடியும்போது பின்சில்லில் ஐந்து கம்பி உடைந்திருந்தது. கைதடியில் வீதியோரம் இருந்த ஒருவர், வேறொரு உடைந்த சில்லிலிருந்து கம்பி கழற்றிப் போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை. இந்தத் தொழில்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அதனால் புதுச் சைக்கிளுக்குக் காசு கொடுக்கும் முன், றலியின் அச்சுகளுக்குக் கிறீஸ் போட்டு, பிறேக் கட்டை மாற்றி, இரண்டு கிழமை அதில் வேலைக்குப் போய்வாருங்கள். காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், வங்கியில் எங்கே நிறுத்தலாம், காற்று உங்களை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதெல்லாம் அந்த இரண்டு கிழமையில் தெரிந்துவிடும். பிறகு புதியதை எடுங்கள், முதல் மாதம் முடிந்ததும் சில்லுக் கம்பிகளை இறுக்கப் பழக்கமான கடைக்குக் கொண்டுபோங்கள், புதுக்கம்பி இளகித்தான் இருக்கும். றலியை விற்க வேண்டாம். அதன் ரயர் வெடித்திருக்கும், மாற்றுங்கள். பக்கவாட்டில் 635 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.